காட்டுப் பூவும் நகரப் பூங்காவும்

கொங்கு நாட்டிற் ‘காடு’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. மழையை நம்பி விதைக்கப்படும் மேட்டு நிலம் காடு. கிணற்று நீர் பாய்வது தோட்டம். வாய்க்கால் நீர் பாய்வது வயல். ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று ஒரு குடியானவர் சொல்வாராயின், அவர் போவது தமது சோளக்காட்டிற்கேயன்றி யானை திரியும் வனத்திற்கன்று. இவ்வழக்கை நினைவிற்கொண்டு நோக்கின், ‘காட்டுப் பூ’ என்பது எங்கோ மலைச்சாரலில் மனிதர் காணாது மலர்ந்து உதிர்வதன்று என்பது விளங்கும். உழவுசால் முடியும் வரப்பிலும், வேலியோரத்திலும், வண்டித்தடத்தின் நடுமேட்டிலும் ஒருவரும் விதையாமல் முளைத்து, ஒருவரும் நீர் வாராமற் பூப்பதே காட்டுப் பூ. அது மனிதர் வாழ்க்கையை ஒட்டியே வளர்ந்து வந்த பூ.

சரவணம்பட்டி அத்தகைய காடுகள் சூழ்ந்த ஊராக இருந்தது. கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்த அப்பேரூராட்சி 2011-ஆம் ஆண்டிற் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கணிப்பொறி நிறுவனங்களும், கல்லூரிகளும், அடுக்குமாடி வீடுகளும் பெருகப் பெருகக் காடுகள் மனைகளாயின. மனைகளாய்விட்ட நிலத்திற் காட்டின் துண்டு எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று வினவின், மக்கள் ‘ரிசர்வ் சைட்’ என்று வழங்கும் பொது ஒதுக்கீட்டு நிலத்தையே சுட்டல் வேண்டும். தமிழ்நாட்டில் இப்பொழுது நடப்பிலுள்ள 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளிற் சாலை நீங்கலான பரப்பிற் பத்தில் ஒரு பங்கு பொதுவெளியாக உள்ளாட்சியினிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும். இங்ஙனம் வந்த நிலங்களுட் பல நடைபாதையும், ஊஞ்சலும், கம்பிவேலியும் பெற்றுப் பூங்காக்களாகின்றன. பூங்கா என்னும் சொல்லுக்குப் பூக்கள் நிறைந்த கா என்பதே பொருளாயினும், அவற்றிற் பெரும்பான்மை புல்லும் சிமெந்துமே. மழைக்குப்பின் தாமாக முளைக்கும் பூச்செடிகளோ, பூக்கும் பருவத்திலேயே மெஷினுக்கு இரையாகின்றன. மாநகராட்சியாரின் புல்வெட்டு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கவே, காட்டுப் பூக்களையும் அங்கே வளர விடுதல் கூடுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கூடுமா என்பதற்கு முன்னே, வேண்டுமா என்னும் வினா எழும். களைகளுக்காக வாதாடுவது கற்றவர்க்கு அழகோ என்று சிலர் நகைத்தலும் கூடும். அவர்கள் மார்கழித் திங்களின் இறுதி நாளன்று கோவைக் கடைவீதியை ஒருமுறை சுற்றிவருவாராக. கொங்கு நாட்டில் அன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகிய மூன்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாரத்திலும், மாட்டுத் தொழுவத்திலும், காட்டின் மூலைகளிலும் செருகுவர். முன்னாளில் இவற்றை விலை கொடுத்து வாங்கினார் இலர். வாசலைத் தாண்டி வேலியோரம் சென்று ஒடித்துவந்தனர். இன்று நகரத்தார் அவற்றைக் கட்டுக்கட்டாகக் காசு கொடுத்து வாங்குகின்றனர். அக்கட்டு எவ்வூர் மேட்டிலிருந்து வந்தது என்பதை விற்பாரும் அறியார், வாங்குவாரும் அறியார். காணும் பொங்கலன்று பெண்டிர் கூட்டமாகச் சென்று ஆவாரம்பூப் பறித்துக் கும்மி கொட்டும் பூப்பறிக்கும் நோன்பும் இந்நாட்டிற்கே உரியது. பறிப்பதற்குப் பூ இல்லாத ஊரில் அந்நோன்பு பெயரளவில் எத்துணை ஆண்டு நிற்கும்?

இப்பூக்களின் குலமும் சிறிதன்று. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் ஆவிரையும், தும்பையும், காந்தளும் இடம்பெற்றுள்ளன. அங்கே குரீஇப்பூளை எனப்படுவது நாம் காப்புக் கட்டும் சிறுபூளையே என்பர். சங்கப் புலவர் போற்றிய மலர் நம் ரிசர்வ் சைட்டில் முளைக்கும்பொழுது அதற்குக் ‘குப்பைச் செடி’ என்று பெயர் சூட்டுகின்றோம். மலைப்பிரசங்கத்திற் சுட்டப்பட்ட பூவும் வெளியிலே தானாக வளரும் பூவேயன்றி, அரண்மனைத் தோட்டத்திற் பயிரிட்ட பூவன்று என்பதை நம் கல்லூரி மாணவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

இனி, எவையெவை முளைக்கின்றன என்பதைக் காண்பாம். கோவை மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதிற் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆதலின் நம் காட்டுப் பூக்களின் வசந்தம் சித்திரையில் இல்லை. புரட்டாசி மழையிற் கண்விழித்து, ஐப்பசியில் தழைத்து, மார்கழி, தைத் திங்களிற் பூவும் விதையுமாய் நிற்பதே அவற்றுட் பலவற்றின் ஒழுங்கு. தும்பை வெண்ணிறச் சிறு பூக்களை முடிச்சு முடிச்சாகத் தாங்கி நிற்கும். அதன் தேனுக்கு வண்டினம் ஓயாது வரும். விட்டுணுகிரந்தி தரையோடு தரையாகப் படர்ந்து, காலையிற் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் விரிந்து, வெயில் ஏறியபின் சுருங்கிவிடும். அதனைக் காண விரும்புவோர் முதல் மணி அடிக்குமுன் வரல் வேண்டும். கொழுஞ்சி செந்நீல மலர்களோடு, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் மண்ணுக்கு உரமும் சேர்க்கும். சிறுபூளை வெண்பஞ்சுக் கதிர்களோடு மாதக்கணக்கில் நிற்கும். ஆவாரையோ ஆண்டின் பெரும்பகுதியும் பொன்னிறம் குன்றாத புதர். அதன் இலையில் முட்டையிடும் வெண்மஞ்சட் பட்டாம்பூச்சிகள், ஆவாரை இல்லாத இடத்தில் எவ்வளவு ரோஜா நட்டாலும் குடும்பம் நடத்தமாட்டா. எருக்கும் இத்தகையதே: கருவரி ஓடிய செம்பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுவுக்கு அதன் பால் நிறைந்த இலையே உணவு. வேலி இருக்குமிடத்திற் செங்காந்தட் கொடியும் ஏறக்கூடும். நிலத்தின்மேல் அதனை வெட்டினும், கிழங்கிலிருந்து மறு மழைக்குத் தலைகாட்டும். அதன் கிழங்கு கொடிய நஞ்சாதலின் குழந்தைகள் தோண்டும் இடத்தில் அதற்கு இடம் தருதல் தகாது.

புல்வெட்டு இவற்றை எங்ஙனம் பாதிக்கின்றது? இங்கே பயிர்நூல் அறிவு சிறிது வேண்டும். புல்லின் வளருமிடம் தரையை ஒட்டிய அடிப்பகுதியில் உள்ளது. நுனியை எத்துணை முறை கொய்தாலும் அடியிலிருந்து இலை மேலெழும்; அறுகு மாடு மேய மேயப் படர்வதற்குக் காரணம் இதுவே. தும்பை முதலிய அகலிலைச் செடிகளுக்கோ வளரும் மொட்டு நுனியில் இருக்கின்றது. நுனி போயிற்றேல் பக்கக் கிளைகளை விட்டு மறுபடி பூக்க முயலும். அதற்கு நாட்கள் செல்லும். அந்நாட்கள் கழியுமுன் மெஷின் மறுபடி வந்துவிடின், அச்செடி விதை சிந்தாமலே மாயும். ஓராண்டு வாழும் செடிக்கு விதையே சந்ததி. மண்ணிற் புதைந்து கிடக்கும் பழைய விதைகள் சில ஆண்டுகள் கைகொடுக்கும்; அவ்விருப்பும் தீர்ந்தபின் மழை பெய்தாலும் புல்லைத் தவிர வேறொன்றும் எழாது. ஆகவே பூக்களைக் கொல்வது வெட்டுதல் என்னும் செயலன்று; விதை விழுமுன் வெட்டுதலே. ஒரே கத்தி மார்கழியில் விழுந்தாற் கொலை, பங்குனியில் விழுந்தால் உதவி என்று சொல்லிவிடலாம்.

உதவி என்றது மிகையன்று. முற்றிலும் வெட்டாது விட்ட இடம் பூந்தோட்டமாவதில்லை. நெட்டைப் புல்லும் சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் சில ஆண்டுகளில் அதனைக் கைப்பற்றும். சிறு செடிகளுக்கு வெயில் வேண்டும். வெயில் கிடைக்க எவரேனும் புல்லைக் குறைத்தல் வேண்டும். முன்னாளில் இதனை ஆடும் மாடும் செய்தன. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர் இதனை நன்கு அறிவர். கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிழல் தர, கொழுக்கட்டைப் புல் வளரும் அம்மேய்ச்சற் காடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மந்தையை மாற்றி மாற்றி விடுவது அந்நாட்டார் வழக்கம். ஒரு பகுதி மேயப்படும்பொழுது மற்றொன்று இளைப்பாறும். நம் பூங்காவிற்கு வேண்டுவதும் இவ்வளவே. ஒரே நாளில் எல்லை முதல் எல்லைவரை மொட்டையடிப்பதே தீங்கு.

வெட்டிய புல்லை என் செய்வது என்பதும் சிறு வினாவன்று. அங்கேயே விட்டால் மக்கி உரமாகும்; உரம் நல்லதுதானே என்று தோன்றும். பூக்களைப் பொறுத்தவரை அது நல்லதன்று. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1856-ஆம் ஆண்டு லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து வெவ்வேறு உரமிட்டுச் சோதனை தொடங்கினர். அஃது இன்றும் நடந்து வருகின்றது. உரமே இடாத பாத்திகளில் ஏறத்தாழ 40 வகைச் செடிகள் கூடி வாழ, நைட்ரஜன் உரம் மிகுதியாகப் பெற்ற சில பாத்திகளில் இரண்டு மூன்று புல்வகைகளே எஞ்சின. செழித்த நிலத்தில் வலியது எளியதை நெருக்கிக் கொல்கின்றது. மெலிந்த நிலத்திற் பலவும் பங்கிட்டு வாழ்கின்றன. சரவணம்பட்டியின் வறண்ட மண் இவ்வகையில் ஒரு பேறு. ஆகையால் வெட்டிய புல்லை இரண்டு நாள் அங்கேயே காயவிட்டு, விதை உதிர்ந்தபின் வாரி அகற்றுதல் வேண்டும். மாடு வைத்திருப்போர் அதனை வேண்டாம் என்னார்.

மேல்நாட்டார் இத்துறையில் நமக்கு முன்னே வருந்தியவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்கும் 1980-களுக்கும் இடையே பூ நிறைந்த பழம் புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்துவிட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். பின்னர் விழித்துக்கொண்டு, டார்செட் பகுதி மன்றத்தார் சாலையோரங்களில் வெட்டுத் தடவைகளைக் குறைத்து, வெட்டியதை வாரிச் செல்லும் முறையை மேற்கொண்டனர். பூ பெருகியதோடு செலவும் குறைந்தது. ‘மே மாதம் வெட்டாதிருப்போம்’ என்னும் இயக்கம் 2019-இல் அந்நாட்டில் எழுந்து கடல் கடந்தும் பரவிற்று. இதனை அப்படியே எடுத்துக்கொண்டு நாமும் மே மாதம் புல்வெட்டாது இருப்போமாயின் அதைப்போற் பேதைமை பிறிதில்லை. அவர்கட்கு மே பூக்காலம். நமக்கு அக்கினி நட்சத்திரம். கடன் வாங்கத்தக்கது கொள்கை, திங்களின் பெயரன்று.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் ஆப்பிள்டன் என்னும் ஊரில் வெட்டாது விட்ட புல்தரைகளில் தேனீக்கள் ஐந்து மடங்கு மிக்கிருந்தன என்று 2020-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் யாவும் அதனைப் பாராட்டின. தரவுகளில் முரண் காணப்பட்டமையால் 2022-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நல்ல காரியத்திற்கும் கணக்குச் செவ்வையாக இருத்தல் வேண்டும். நாம் ஒரு பூங்காவிற் பூ மிகுந்தது என்று சொல்ல விரும்பின், முன்னே எத்தனை இருந்தன என்று எண்ணி வைத்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டு முன்மாதிரியும் ஒன்று உண்டு. அது மிஷன் கல்லூரி ஒன்றனுடையது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரத்து நெருக்கடியை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அதன் வளாகத்தின் மரஞ்செடிகளைப் பேணுவதில் முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் கற்பித்ததோ ரசாயனம். பயிர்நூல் அவருக்குத் தொழிலன்று, காதல். தென்னிந்திய மலைச் செடிகளை ஆராய்ந்து புதிய இனங்களை விவரித்த அறிஞராக அவர் இன்று நினைக்கப்படுகின்றார். அவ்வளாகத்திற் கட்டடங்களுக்கு இடையே இயற்கைப் புதர்க்காடு இன்றும் நிற்கின்றது. ரசாயன ஆசிரியர் ஒருவர்க்கு இயன்றது கணித மாணவர்க்கோ தமிழ் மாணவர்க்கோ இயலாததன்று.

இனி மாநகராட்சியாரின் பக்கத்தையும் கேட்டல் நியாயம். அவர்கள் வெட்டுவது பூவின்மேற் பகையால் அன்று. புல் முழங்கால் உயர்ந்தவுடன் குடியிருப்போர் முறையீடு செய்கின்றனர்: பாம்பு வரும், கொசு வரும் என்பர். இவ்வச்சத்தை இகழ்தல் தகாது. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கொங்கு நாட்டிற் பொதுவாக உள்ளவையே. உயர்ந்த புல்லிற் கால் வைக்குமிடம் தெரியாது. கொசுவைப் பொறுத்தவரை, டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது செடியில் அன்று, தேங்கிய நீரில். எறியப்பட்ட தேங்காய்த் தொட்டியும், பழைய டயரும், பிளாஸ்டிக் குவளையுமே அதன் பிள்ளைத்தொட்டில். ஆயினும் வளர்ந்த கொசு பகலிற் செடி நிழலில் தங்குவதுண்டு. ஆகவே ஊஞ்சலைச் சுற்றியும், நடைபாதையின் இருபுறமும் ஆறடி அகலத்திற்கும், மக்கள் அமரும் இடத்திலும் குட்டையாக வெட்டியே வைத்தல் வேண்டும். பூவுக்குக் கேட்பது வேலியோரத்து ஒரு பட்டையும், யாரும் நடவாத ஒரு மூலையுமே. குப்பை சேரின் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அப்பட்டையிற் குப்பை விழாது காத்தல் பூ வேண்டுவோரின் முதற் கடமை. பாதை ஓரம் ஒழுங்காக வெட்டப்பட்டிருப்பின், உள்ளே வளர்ந்து நிற்பது கவனியாமையால் அன்று, கருதியே விடப்பட்டது என்பது காண்பார்க்குத் தானே விளங்கும்.

எல்லாச் செடியும் காட்டுப் பூ ஆகா. பார்த்தீனியம் என்னும் அமெரிக்கச் செடி 1950-களின் நடுவிற் புனாவிற் காணப்பட்டு நாடெங்கும் பரவியது. தோலில் அரிப்பும் மூச்சில் இளைப்பும் தரும். அது கேரட் இலையை யொத்த இலையும் வெண்சிறு பூவும் உடையது. பூக்குமுன், மழை ஈரத்தில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்தபின் மெஷினால் வெட்டுதல் விதையைப் பரப்பும் வழியே. கிணற்றடிப்பூண்டும் அமெரிக்கத்தது எனினும், பட்டாம்பூச்சிகள் அதனை நாடி வருவதால் அதனொடு யான் போரிடச் சொல்லேன். நெருஞ்சி நம் நாட்டதே. பழம் புலவர் பாடியதே. ஆயினும் வெறுங்காலுடன் ஓடும் குழந்தைக்குப் புலவர் பாட்டு மருந்தாகாது. விளையாடுமிடத்தில் அதனைக் களைந்துவிடுக. களைக்கொல்லி மருந்தை மட்டும் எங்கும் தெளிக்கவேண்டா என்று கேட்டுக்கொள்க. மெஷின் தலையைக் கொய்யும், மருந்து குலத்தை அறுக்கும்.

செய்யத்தக்கது யாது? மாணவர் சிலர் கூடி ஆவணியில் வார்டு அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதுவாராக. ‘புல் வெட்டாதீர்’ என்று எழுதின் அது குப்பைக் கூடைக்குச் செல்லும். ‘இப்பூங்காவின் வடக்கு வேலியோரம் இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம், புரட்டாசி முதல் தை முடிய வெட்டாது விடுக, மாசி இறுதியில் ஒருமுறையும், ஆடி இறுதியில் மழைக்குமுன் ஒருமுறையும் வெட்டுக’ என்று வரைபடத்தோடு எழுதின், அதிகாரிக்கு அது வேலையைக் குறைக்கும் செய்தியாகத் தோன்றும். மாசி வெட்டு வேனிலிற் காய்ந்த புல் தீப்பற்றாது காக்கவும் உதவும். வெட்டும் உயரம் தரையிலிருந்து அரைச் சாணுக்குக் குறையாதிருத்தல் நன்று. நைலான் நரம்பு சுழலும் மெஷின் மண்ணையே சுரண்டும்படி பிடிக்கப்படின், படர்செடியும் தப்பாது. எழுத்தாற் பெற்ற அனுமதி மெஷினைப் பிடிக்கும் தொழிலாளியிடம் சென்று சேராமற் போவதும் உண்டு. அவர்க்குக் கிடைத்த கட்டளை ‘எல்லாவற்றையும் வெட்டு’ என்பதே. ஆதலின் பட்டையின் எல்லையில் வெள்ளையடித்த கற்களை நட்டு, அவரை நேரிற் கண்டு, ஆவாரையையும் பூளையையும் காட்டி விளக்குவது தலையாய வேலை. அவர் பெரும்பாலும் சிற்றூரில் வளர்ந்தவராகவே இருப்பார். அச்செடிகளின் பெயரை நம்மினும் நன்கு அறிந்திருக்கவும் கூடும்.

பின்பு வாரம் ஒருமுறை ஒரு நோட்டுப் புத்தகத்தில், எது முளைத்தது, எது பூத்தது, எது விதைத்தது என நாளிட்டுக் குறித்தல் வேண்டும். பெயர் அறியாத செடிக்கு அஞ்சவேண்டா. சென்னை மாகாணத்துச் செடிகளின் உலர்மாதிரிகள் தொகுக்கப்பட்ட பழம் பெருஞ் சேமிப்பு 1909-ஆம் ஆண்டு முதற் கோவையிலேயே உள்ளது. காம்பிளும் ஃபிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் கைந்நூலாகப் பயன்படுகின்றது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராப்பினாட் உலர்தாவரச் சாலையை நிறுவிய மாத்யூ பாதிரியார், தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளைப் பற்றி 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருநூல் நம் ரிசர்வ் சைட்டுச் செடிகளுக்கே எழுதியதுபோல் அமையும்.

விதைக்க விரும்புவோர்க்கு ஒரு சொல். தும்பையும் பூளையும் தாமே வரும். ஆவாரை விதையின் தோல் கடினமானது. மணலொடு தேய்த்தோ, கொதித்திறக்கிய நீரில் ஓரிரவு ஊறவைத்தோ மழைத் தொடக்கத்தில் ஊன்றுதல் வேண்டும். வளர்ந்து பூத்த முதல் ஆண்டிலேயே, காப்புக்கட்டுக்கு முந்திய இரவில் அக்கம்பக்கத்தார் வந்து கிளை கிளையாக ஒடித்துச் செல்வர். காலையில் வெறும் குச்சிகளே நிற்கும். அதற்காக வருந்தி வேலியை உயர்த்த வேண்டா. தோல் பதனிடும் பட்டைக்காக நெடுங்காலம் வெட்டப்பட்டும் இந்நாட்டில் அழியாத செடி அது. வெட்டிய கணுவின் கீழே இரண்டு தளிர் விடும். மாசிப் பனி நீங்குமுன் அவை மறுபடி பசுமை கொள்ளும்.